நடவு வயலில் ஒரு கூட்டம்

சமூகப்பணி மாணவி செண்பகவல்லி களப்பயிற்சி செய்யும் ஊருக்கு, மேற்பார்வைப் பேராசிரியர் தேவசகாயம் காரில் வந்து இறங்கினார். நடவு நேரம். தெருவில் கோழிகள்தான் மேய்ந்தன.

"ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் இப்பவே கூட்டிக் காட்டு. இல்லேன்னா நீ ஃபெயில்" என்றார்.

வேலையை விட்டு வந்தால் அவர்களுக்குக் கூலி போய்விடும். செண்பகவல்லி சற்று யோசித்தாள்.

"வாங்க சார்."

வரப்பு வழியாக அழைத்துப் போனாள். சேற்றில் குனிந்து அத்தனை பெண்களும் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினாள்.

"எல்லாரும் வந்தாச்சு சார். நீங்கதான் பாக்கி."

பெண்கள் நிமிர்ந்தார்கள். மக்களைத் தேடிப் போகணும் என்று வருஷா வருஷம் வகுப்பெடுத்தவர், சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வரப்பில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தார்.

நடவு வரிசையின் ஓரத்தில் நின்ற பெண் ஒருத்தி நகர்ந்து, அவருக்கு இடம் விட்டாள்.