நாற்பது இறகும் ஒரு கீழ்க்கொப்பும்

மஞ்சப்பாறைக் காட்டில் செவ்வந்தி என்றொரு இருவாச்சிப் பறவை இருந்தாள். அவள் செய்தது பழச்சேதித் தொழில். விடிந்ததும் காட்டுக்கு மேலே ஒரு சுற்றுப் பறப்பாள். எந்த அத்தி பழுத்துவிட்டது, எந்த நாவலுக்கு இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று பார்த்துக்கொள்வாள். திரும்பி வந்து உரக்கக் கூவிச் சொல்வாள். கேட்டவர்கள் வீணாக அலையாமல் நேராகப் பழுத்த மரத்துக்குப் போவார்கள். கூலியாக அந்த மரத்தின் உச்சிக்கொப்பை மட்டும் யாரும் தொடாமல் அவளுக்கு விட்டுவைப்பார்கள். கொப்பு என்றால் கிளை, வேறொன்றுமில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. மரத்தைச் சொன்ன கையோடு இன்னொரு பேச்சையும் சேர்த்தே சொல்வாள். "கல்லாற்று அத்தி பழுத்தாச்சு. கீழ்க்கொப்பை மலையணிலுக்கு விட்டுடுங்க, அவ பிள்ளைத்தாச்சி" என்பாள். இன்னொரு நாள், சருகுமானுக்கு மரமேறத் தெரியாது, நாலு பழம் உதிர்த்துப் போடுங்கள் என்பாள். இது ஒரு பெரிய விஷயம் என்று அவளே நினைத்ததில்லை. வாய்ப்பழக்கம், அவ்வளவுதான்.

அவள் வருவதற்கு முன்பு அந்தத் தொழிலில் ஆண் பறவைகள்தான் இருந்தார்கள். அவள் கூவ ஆரம்பித்தபோது அவர்கள் சிரித்த சிரிப்பு காடு முழுக்கக் கேட்டது. சிரித்ததற்குக் காரணமும் சொன்னார்கள். இருவாச்சிப் பெண் முட்டையிட்டால் மரப்பொந்துக்குள் போய் வாசலை மண்ணும் எச்சமும் குழைத்து அடைத்துக்கொள்வாள். மூக்கு நீட்ட ஒரு கீறல்தான் மிஞ்சும். மூன்று மாதம் புருஷன் கொண்டுவந்து ஊட்டுவதுதான் சாப்பாடு. வருஷத்தில் மூன்று மாதம் கதவைச் சாத்துகிறவளுக்கு என்ன தொழில் என்று கேட்டார்கள். கேட்டது வயிற்றெரிச்சலில்தான். ஆனால் போன வருஷம் அவள் வெளியே வந்தபோது பாதிப் பேர் அவளை மறந்திருந்தார்கள் என்பதும் உண்மை. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அந்த வலி அவளுக்குள் ஆறவேயில்லை.

இந்த வருஷமும் முட்டையிடும் காலம் நெருங்கியது. செவ்வந்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் கரிச்சான் வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தான். வாலில் இரண்டு துடுப்பு தொங்க, எந்தப் பறவையின் குரலையும் அப்படியே எடுத்துப் பேசுவானே, அந்தக் கரிச்சான்.

"அக்கா, நீ யாரோட பழகுறேன்னு பாரு. ஒரு கருமந்தி, ஒரு மலையணில், ஒரு சருகுமான். இதுங்களை வச்சுக்கிட்டு என்ன தொழில் பண்ணப்போற? உப்புப்பாறைக்கு வா. யானை வரும், காட்டெருமை வரும், கடமான் வரும். பெரிய இடத்துல உன் பேரு தெரியணும்."

முதலிலேயே அவனுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். சில பேருக்கு யோசனை சொல்வதே ஒரு பொழுதுபோக்கு.

மறுநாள் காலையில் செவ்வந்தி உப்புப்பாறைக்குப் போனாள். உப்பு நக்க வந்த கூட்டம் திருவிழாபோல நின்றது. அவள் ஒவ்வொருவரிடமும் போய்த் தன் பெயரைச் சொல்லி, தன் இறகு ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்து, "என்னை மறந்துடாதீங்க" என்றாள். எதிரில் நிற்பவர் பெயரைக் கேட்க நேரமில்லை, அடுத்தவர் காத்திருந்தார். உச்சிப்பொழுதுக்குள் நாற்பது இறகு கொடுத்து முடித்தாள். காட்டெருமை கொம்பில் செருகிய இறகு அது தலையை ஆட்டியதுமே கீழே விழுந்தது. யானைக் கூட்டத்துத் தலைவி காமாயி "ரொம்ப அழகு" என்று வாங்கி, அடுத்த மூச்சில் ஊதிவிட்டாள். செவ்வந்தி இதையெல்லாம் திரும்பிப் பார்க்கவில்லை. நெஞ்சு நிறைந்து வீடு திரும்பினாள்.

வழியில் கருமந்தி அங்கம்மா மறித்தாள். "நாற்பது பேருக்கு இறகாமே? எங்களுக்கு இல்லையோ?" என்றாள்.

"நீங்க நம்ம ஆளுங்கதானே, உங்களுக்கு எதுக்கு இறகு?" என்று சொல்லிவிட்டு செவ்வந்தி பறந்துவிட்டாள். எந்த மரத்தில் அடைந்துகொள்ளப் போகிறாள், எப்போது போகிறாள் என்றுகூடச் சொல்லவில்லை. அங்கம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

செவ்வந்தி பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டாள். புருஷன் மாயாண்டி உச்சிக்கொப்புகளிலிருந்து பழம் கொண்டுவந்து கீறல் வழியே ஊட்டினான். குஞ்சும் பொரித்தது.

உப்புப்பாறையில் அந்த இறகுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. கரிச்சான் பார்த்தான். இப்போதுதான் அவனுக்குப் புத்தி கெட்டது. அவனுக்குப் பழம் வேண்டாம், பூச்சிதான் சாப்பாடு. பெரிய மிருகம் ஒன்று மரத்தை உலுக்கினால் ஒளிந்திருக்கும் பூச்சியெல்லாம் கிளம்பும், உட்கார்ந்த இடத்தில் விருந்து! அவன் செவ்வந்தியின் இறகு ஒன்றை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டு, இலைக்குள் ஒளிந்துகொண்டு, அவள் குரலிலேயே கூவினான். "பேய்ப்பாறை நாவல் பழுத்தாச்சு!"

காமாயியின் கூட்டம் மலையேறிப் போய் மரத்தை உலுக்கியது. பழம் இல்லை. பூச்சிதான் பறந்தது. மறுநாள் இன்னொரு மரம், அங்கேயும் அதே கதை. நாலாம் நாள் காமாயிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்த இருவாச்சி பொய்க்காரி என்று உப்புப்பாறையில் வைத்துச் சொன்னாள். பெரியவள் சொன்ன பேச்சு ஒரே நாளில் காடு சுற்றியது. அதற்குப் பிறகு உச்சிக்கொப்பை யார் விட்டுவைப்பார்கள்? புறாக்களும் குரங்குகளும் மொட்டையடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு மாயாண்டி வெறும் அலகோடு வந்து நின்றான். அதற்கு அடுத்த நாள் எங்கேயோ அலைந்து இரண்டே பழம் கொண்டுவந்தான். செவ்வந்தி இரண்டையும் குஞ்சுக்குக் கொடுத்தாள். உள்ளே அவளுடைய பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிது முளைக்காத நேரம். சுவரை உடைத்து வெளியே வந்தாலும் பறக்க முடியாது. அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"இறகு வாங்கின யாரையாவது கூப்பிடுங்க" என்றாள் புருஷனிடம்.

மாயாண்டி போய்க் கேட்டுவிட்டு வந்தான். காட்டெருமைக்கு எந்த இறகு என்றே நினைவில்லை. கடமான், அன்றைக்கு நிறையப் பேர் வந்தார்களே, அதில் யார் என்று கேட்டதாம். செவ்வந்தி குஞ்சை அணைத்துக்கொண்டு அழுதாள்.

இங்கே அங்கம்மாவுக்கு ஒரு சந்தேகம். கோபம் இன்னும் ஆறவில்லைதான். இருந்தாலும் காதில் விழுந்த கூவலில் ஏதோ குறைந்தது. மலையணில் பவளத்தையும், சருகுமான் சின்னாத்தாளையும் கேட்டாள். அவர்களுக்கும் அதே எண்ணம். மூவரும் மாயாண்டி பின்னாலேயே போய்ப் பொந்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கம்மா கீறலில் வாயை வைத்து, "செவ்வந்தி, பேய்ப்பாறை நாவலைச் சொன்னது நீயா?" என்று கேட்டாள்.

"நான் எங்கே சொன்னேன்? உள்ளே வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே!"

"தெரியும். உன் குரல்தான், உன் இறகுதான். ஆனா கீழ்க்கொப்பு யாருக்குன்னு சொல்லலையே. நீ ஒரு நாளும் அதைச் சொல்லாம விட்டதில்ல."

"உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டேனே, மன்னிச்சிடுங்க" என்றாள் செவ்வந்தி. அங்கம்மா கொஞ்சம் முறைத்தாள். பவளம் அதற்குள் மடியில் வைத்திருந்த நாலு அத்திப்பழத்தைக் கீறல் வழியே உருட்டிவிட்டாள். முறைப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கம்மாவும் விட்டுவிட்டாள்.

வயிற்றுக்குள் கொஞ்சம் இறங்கியதும் செவ்வந்திக்குப் புத்தி வேலை செய்தது. மரங்களின் கணக்கெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. காற்று எந்தப் பக்கம், மழை எத்தனை நாள் என்று கேட்டாள். ஓடைக்கரை அத்தி நாளைக்குப் பழுக்கும் என்றாள். அத்தோடு நிறுத்தவில்லை. "காமாயி கூட்டத்துல யார் யார் இருக்காங்க?" என்று மரத்தடியில் நின்ற சின்னாத்தாளிடம் கேட்டாள். நாற்பது பேரில் ஒருவரிடமும் அவள் கேட்காத கேள்வி அது. யானைத்தடத்திலேயே மேய்கிற சின்னாத்தாளுக்கு எல்லாம் தெரியும். சொன்னாள்.

மறுநாள் காலை உப்புப்பாறையில் இன்னும் ஏமாற ஆளிருக்கும் என்ற நம்பிக்கையில் கரிச்சான் வழக்கம்போல இலைக்குள் இருந்து கூவினான். "சாமிமலை நாவல் பழுத்தாச்சு!"

அங்கம்மா பாறைமேல் ஏறி நின்றாள். "சரி செவ்வந்தி, கீழ்க்கொப்பு யாருக்கு?" என்றாள்.

இலைக்குள் கொஞ்சம் தடுமாற்றம். "யாருக்கும் வேண்டாம், எல்லாத்தையும் நீங்களே தின்னுங்க!" என்று தாராளமாகப் பதில் வந்தது.

அங்கம்மா காமாயியிடம் திரும்பினாள். அது செவ்வந்தி இல்லை, அவள் குரலை எடுத்துப் பேசுகிற கரிச்சான் என்றாள். உண்மையான சேதி தன்னிடம் இருக்கிறது என்றாள். காமாயி காதை விசிறிக்கொண்டு, இனி எந்த இருவாச்சி பேச்சையும் கேட்பதாக இல்லை என்று திரும்பி நடந்தாள். அங்கம்மா பின்னாலிருந்தே உரக்கச் சொன்னாள். "ஓடைக்கரை அத்தி பழுத்தாச்சு. மேட்டுப்பாதையா போகாதீங்க, ஓடைப்பாதையா போங்க. உங்க கடைசிக் கன்னு கால் நொண்டுது, அதால மேடு ஏற முடியாது. இதுதான் செவ்வந்தி சொல்லி அனுப்பினது."

காமாயி நின்றுவிட்டாள். பேய்ப்பாறைக்கு ஏறியதில்தான் அந்தக் கன்றுக்குக் கால் பிசகியது. கூட்டத்துக்கு வெளியே யாரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"பொந்துக்குள்ள அடைஞ்சு கிடக்கிறவளுக்கு என் கன்னு நொண்டுறது எப்படித் தெரியும்?" என்றாள்.

"அவ கேட்டா, தாயி. அவ்வளவுதான்" என்றாள் அங்கம்மா.

கூட்டம் ஓடைப்பாதையில் மெதுவாகப் போனது. கன்றும் கூடவே வந்தது. அத்தி பழுத்துத் தொங்கியது. காமாயி தும்பிக்கையைத் தூக்கி ஒரு பிளிறு பிளிறினாள். அன்று சாயங்காலத்துக்குள் காட்டில் எந்த மரத்திலும் உச்சிக்கொப்பைத் தொட ஆளில்லை. கரிச்சானை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவன் கூவினால் எல்லோரும் கீழ்க்கொப்பு யாருக்கு என்று கேட்டார்கள். அவன் பழையபடி தானே பூச்சி தேடப் போய்விட்டான்.

மிச்ச நாட்களில் செவ்வந்தி உள்ளே இருந்து சொன்னாள், மூன்று பேரும் வெளியே சொன்னார்கள். சுவரை உடைத்து அவள் வெளியே வரும்வரை தொழில் அப்புறம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அடுத்த வருஷம் அவள் அடைந்துகொள்ளும் முன்பு மூன்று பேர் வீட்டுக்கும் போய் ஆளுக்கொரு பொழுது உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். கடைசியாக உப்புப்பாறைக்கும் போனாள். காமாயி, "எங்கே என் இறகு? இந்தத் தடவை ஊதமாட்டேன்" என்று கேட்டாள்.

"இறகு கிடக்கட்டும். கன்னுக்கு இப்போ கால் எப்படி இருக்கு?" என்றாள் செவ்வந்தி.

நம் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதில் தொழில் நிற்பதில்லை. யாருடைய கஷ்டத்தை நாம் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறோமோ, அவர்களே நம் கதவு சாத்தியிருக்கும் நாளில் நமக்காகப் பேசுவார்கள்.