மிளா விடாத மட்டை

ஒரு காட்டில் கோடை பிறந்தாலே ஹாக்கிப் போட்டி வந்துவிடும், குழந்தைகளே. விளையாட்டுக்காக அல்ல, தண்ணீருக்காக. மலையடிவாரத்துச் சுனை ஒரு காட்டுக்குத்தான் போதும். மலைக்கு அப்பாலுள்ள காட்டோடு மோதி ஜெயித்தால் கோடை முழுவதும் சுனை சொந்தம். தோற்றால், முதலைகள் கிடக்கும் ஆற்றுக்குத்தான் போக வேண்டும்.

மிளா என்னும் பெரிய மான்தான் இந்தக் காட்டு அணிக்குத் தலைவன். கரடி கோல் காக்கும். காட்டெருமை தடுத்து ஆடும். பல கோடைகளாக இந்த அணி தோற்றதே இல்லை. ஆட்டக்காரர்களும் மாறியதே இல்லை. வயது மட்டும் ஏறிக்கொண்டே போனது.

ஒரு நாள் கரடி தயங்கித் தயங்கி மிளாவிடம் வந்தது.

"அண்ணே, பந்து கிட்டே வந்த பிறகுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த முறை அந்த இளங்குரங்கைக் கோலில் நிறுத்துங்கள். நன்றாகப் பாய்கிறான்."

மிளாவுக்குத் திக்கென்றது. அதன் முன்னங்கால் முட்டி வீங்கியிருந்தது. யாருக்கும் தெரியாமல் சேற்றைப் பூசி மறைத்து வைத்திருந்தது. இன்று கரடி விலகினால், நாளை எல்லோரும் தன் காலைத்தானே பார்ப்பார்கள்?

"உன்னைப் போல் கோல் காக்க யாரால் முடியும்? பேசாமல் போ," என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டது.

குரங்கும் ஓர் இளம் புள்ளிமானும் தினமும் மைதானத்துக்கு வந்தன.

"ஐயா, எங்களுக்கும் ஒரு மட்டை கொடுங்கள்."

"நீங்கள் இன்னும் பழக வேண்டும்," என்றது மிளா.

"ஆடவே விடாவிட்டால் எப்படிப் பழகுவது?" என்று கேட்டது குரங்கு.

"எதிர்த்தா பேசுகிறாய்? வெளியே போ!"

மறுநாள் அவை வரவில்லை. மலை தாண்டிப் போய்விட்டதாகக் கிளி வந்து சொன்னது.

"தொல்லை விட்டது," என்றது காட்டெருமை. மிளாவுக்கும் உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

போட்டி நாள் வந்தது. எதிரணியின் கோலில் அந்தக் குரங்கு நின்றது. நடுவில் மட்டையோடு புள்ளிமான் நின்றது.

காட்டெருமை உடம்பைத் திருப்புவதற்குள் புள்ளிமான் அதைக் கடந்து போனது. கரடி வலப்பக்கம் பாய்ந்தது. பந்து இடப்பக்கம் புகுந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் மிளாவிடம் பந்து சிக்கியது. எதிரே குரங்கு மட்டும்தான். மிளா காலை ஊன்றி மட்டையை ஓங்கியது. முட்டி மடங்கியது. முகம் மண்ணில் மோதியது.

"அடிபட்டுவிட்டதா, ஐயா?" என்று ஓடி வந்தது குரங்கு. மிளாவால் தலை நிமிர முடியவில்லை.

சுனை போயிற்று. வெயில் முற்றியதும் எல்லோரும் ஆற்றுக்குப் போனார்கள். கரையில் கிடந்தது மரக்கட்டை என்று நினைத்துக் கரடி கால் வைத்தது. அது மரக்கட்டை இல்லை.

"அண்ணே!" என்று ஒரே ஒரு சத்தம் கேட்டது. மிளா ஓடப் பார்த்தது. கால் வரவில்லை. தண்ணீர் சிவந்து, பிறகு தெளிந்தது.

"இனி யாரை வைத்து ஆடுவது?" என்றது காட்டெருமை.

தாகம் பொறுக்காமல் ஒவ்வொருவராக அதே கரையில் இறங்கினார்கள். கடைசியில் மிளாவும் நொண்டிக்கொண்டே இறங்கியது.

நீதி: தன் இடம் பறிபோகுமே என்று அடுத்தவருக்கு வழிவிடாதவர், தன்னை நம்பியவர்களையும் சேர்த்தே அழிப்பார்.