மைனா கொண்டுவந்த சொல்

கோடையில் ஆறு மெலிந்து மணல் அகன்று கிடக்கும் ஒரு காட்டில், பழைய வழக்கம் ஒன்று இருந்தது. யாராவது யாருக்காவது பிழை செய்துவிட்டால், பிழை செய்தவர் நிற்க வேண்டும். பிழைக்கு ஆளானவரின் பக்கத்தில், அவருக்கு உதவியாக, அவர் "போதும், போ" என்று சொல்லும்வரை நிற்க வேண்டும்.

ஒருமுறை முயலின் வளையைக் காட்டெருமை தெரியாமல் மிதித்து இடித்துவிட்டது. முயல் புது வளை தோண்டி முடிக்கும்வரை அது காவல் நின்றது. இன்னொரு முறை, கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்த கிளையை யானை முறித்துவிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை அந்தக் கிளையைத் தும்பிக்கையில் தாங்கியபடி மூன்று நாள் நின்றது.

நிற்பது எளிதன்று, குழந்தைகளே. கால் வலிக்கும். பசிக்கும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் அந்தக் காட்டில் எல்லோரும் தரையைப் பார்த்துத்தான் கால் வைத்தார்கள்.

காட்டின் ஓரத்தில் மனிதர்கள் வந்து தங்கும் பங்களா ஒன்று இருந்தது. அதன் ஓட்டுக் கூரையில் ஒரு மைனா குடியிருந்தது. காதில் விழுந்ததை அப்படியே சொல்லும் வாய் அதற்கு. எதைச் சொன்னாலும் தானே கண்டுபிடித்ததைப்போலச் சொல்லும்.

ஒருநாள் காலை அது நாவல் மரத்தடிக்கு வந்து, "மனிதர்களிடமிருந்து ஒரு சொல் கொண்டுவந்திருக்கிறேன். ஆங்கிலச் சொல்" என்றது.

"தின்னலாமா?" என்று கேட்டது காட்டுப்பன்றி.

"தின்ன முடியாது அண்ணே. ஆனால் எதற்கும் உதவும். கேளுங்கள். சாரி."

"அவ்வளவுதானா?" என்றது மந்தி, கிளையில் படுத்தபடியே.

"அவ்வளவுதான். ஆனால் எத்தனை வேலை செய்கிறது தெரியுமா? ஜீப் ஓட்டுகிறவர் சேற்றை வாரி அடித்துவிட்டுச் சொல்கிறார், சாரி. சமையல்காரர் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டுச் சொல்கிறார், சாரி. அறை காலியில்லை என்றால் சாரி. சொன்னது காதில் விழவில்லை என்றால், வாலை மட்டும் தூக்குவதைப்போலக் கடைசியில் குரலைத் தூக்கி, சாரி? வழியில் யாராவது நின்றால், சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டே இடித்துக்கொண்டு போகலாம். போன வாரம் காவலாளியின் தாயார் இறந்துபோனார். ஊரிலிருந்து வந்தவர் அவர் தோளைத் தட்டி அதையே சொன்னார்."

"ஐயோ, அவர்தான் கொன்றாரா?" என்றது அணில்.

"இல்லை."

"பிறகு எதற்குச் சொன்னார்?"

"அப்படித்தான் சொல்வார்கள். நீ சின்னப் பிராணி, உனக்கு விளங்காது."

காட்டுப்பன்றி முகத்தை உயர்த்தியது. அவசரத்தில் பிறந்து அவசரத்தில் வளர்ந்தது அது. அந்த ஆண்டில் மட்டும் ஏழு முறை நின்றிருந்தது. "மைனா, ஒன்று கேட்கிறேன். அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு நிற்கவும் வேண்டுமா?"

மைனா கழுத்தைச் சாய்த்து யோசித்தது.

"பங்களாவில் யாரும் நின்று நான் பார்த்ததில்லை" என்றது.

அன்று சாயங்காலத்துக்குள் காடு முழுவதும் அந்தச் சொல் பரவிவிட்டது. கூச்சம் போயிற்று. கால்வலி போயிற்று. "இத்தனை காலம் முட்டாள்களாக நின்றிருக்கிறோமே" என்று சிரித்தார்கள். தரையைப் பார்த்துக் கால் வைப்பதும் மெல்ல மெல்லக் குறைந்தது.

ஆற்று மணலில் ஓர் ஆட்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. மரத்தடிப் பேச்சு எதுவும் அதன் காதுக்கு வரவில்லை. மணலில் ஒரு சிறு குழி, அதில் கூழாங்கல் நிறத்தில் நான்கு முட்டைகள். அதன் துணையைக் கோடையின் தொடக்கத்தில் ஒரு கழுகு கொண்டுபோயிருந்தது.

மணலில் இடும் முட்டைக்குக் குளிரைவிட வெயில்தான் பகை. உச்சிப் பொழுதில் மணல் கொதிக்கும். தாய்ப்பறவை தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின்மேல் உட்கார வேண்டும். அது போய் வரும்வரை வேறு யாராவது முட்டைகளுக்கு நிழல் தர வேண்டும். முன்பு துணை இருந்தது. இப்போது இல்லை. அருகிலிருந்த குட்டை வற்றாதவரை தனியாகவே சமாளித்தது. பிறகு அந்தக் குட்டையும் வற்றியது. தண்ணீர் ஆற்றின் வளைவுக்கு அப்பால் விலகிப்போயிற்று.

இருபத்தேழாம் நாள் காலையில் முட்டைகளுக்குள்ளிருந்து தட்டும் ஓசை கேட்டது. டிக், டிக். குஞ்சுகளுக்கு அலகு முளைத்துவிட்டது. பொரிய இன்னும் ஒரு பகல்தான். தாய்ப்பறவை தலையைக் கவிழ்த்து அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது காட்டுப்பன்றி அக்கரைக்குப் போகும் அவசரத்தில் மணலில் ஓடிவந்தது. ஆட்காட்டி கத்தியது. சிறகை விரித்துக் குறுக்கே நின்றது. பன்றியின் குளம்பு குழியின் ஓரத்தில் இறங்கியது. ஒரு முட்டை நொறுங்கிற்று.

"சாரி" என்றது பன்றி.

ஆட்காட்டிக்கு அந்தச் சொல் தெரியாது. நொறுங்கிய முட்டையோட்டை அலகால் மெல்ல ஒதுக்கி வைத்தது. பிறகு சொன்னது: "தெரிந்து மிதிக்கவில்லை, பார்த்தேன். இங்கே நில்லுங்கள் அண்ணே. உங்கள் உடம்பு பெரியது, மூன்று முட்டைக்கும் நிழல் விழும். வெயில் ஏறுகிறது. நான் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்."

"அதுதான் சொல்லிவிட்டேனே அக்கா."

"என்ன சொன்னீர்கள்?"

"சாரி. மனிதர்கள் சொல்லும் சொல். மனசுக்கு வருத்தமாக இருக்கிறது என்று பொருள்."

"இருக்கட்டும். வருத்தப்பட்டுக்கொண்டே நில்லுங்கள்."

பன்றிக்குச் சிரிப்பு வந்தது. "நீங்கள் இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறீர்கள். இப்போது யாரும் நிற்பதில்லை. அக்கரையில் கோரைக்கிழங்கு இருக்கிறதாம். நான் போகாவிட்டால் மற்றவர்கள் முடித்துவிடுவார்கள்." சொல்லிக்கொண்டே ஓடிவிட்டது.

வெயில் ஏறியது. புள்ளிமான் ஒன்று அந்த வழியே வந்தது.

"அம்மா, கொஞ்ச நேரம் இங்கே நிற்கிறாயா? தண்ணீர்வரை போய் வந்துவிடுகிறேன்."

"சாரி அக்கா" என்றது மான், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

"நீ எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே. நீ ஏன் சொல்கிறாய்?"

"முடியாது என்பதற்கும் அதுதானாம். நேராக முடியாது என்றால் உங்கள் மனது நோகும் அல்லவா?"

மான் மிகவும் மென்மையாக நடந்து போயிற்று.

கரையிலிருந்த மருத மரத்தில் மந்தி சாய்ந்திருந்தது. "மந்தியக்கா, ஒரு தழைக் கொத்து ஒடித்துப் போடுங்களேன். நிழலுக்கு" என்று ஆட்காட்டி கூவியது.

"சாரி?" என்றது மந்தி.

"தழை. ஒரே ஒரு கொத்து."

"சாரி? காதில் சரியாக விழவில்லை."

மூன்றாம் முறை கூவியபோது மந்தி தூங்கிப்போயிருந்தது.

இனிப் பொறுக்க முடியாது. முட்டைகள் வயிற்றைச் சுட்டன. ஆட்காட்டி எழுந்து, தன்னால் முடிந்தவரை வேகமாக வளைவைத் தாண்டிப் பறந்தது. தண்ணீரில் வயிற்றை அழுத்தி நனைத்தது. தான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. உடனே திரும்பியது.

குழியின் அருகே கீரி உட்கார்ந்திருந்தது. நல்ல மரியாதையான கீரி. ஆட்காட்டியைக் கண்டதும் முன்கால்களைச் சேர்த்து, தலையைத் தாழ்த்தி, "சாரி" என்றது. சொன்ன பிறகுதான் ஒரு முட்டையைக் கவ்வியது.

ஆட்காட்டி அதன் தலைமேல் பாய்ந்தது. சிறகால் அறைந்தது. கீரி புதருக்குள் நுழைந்தது. ஆட்காட்டி புதரைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. கீரி வெளியே வரவே இல்லை. கடைசியில் குழிக்குத் திரும்பி, மீதி இரண்டு முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. அப்போதுதான் தெரிந்தது, துரத்திய துரத்தலில் வயிற்று இறகுகள் காய்ந்துவிட்டன என்று.

மறுபடியும் தண்ணீருக்குப் போனால் கீரி வரும். போகாவிட்டால் வெயில் கொல்லும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தவறாகத்தான் இருக்கும் என்று அதற்குத் தெரிந்தது. சிறகுகளை எவ்வளவு அகலமாக விரிக்க முடியுமோ அவ்வளவு அகலமாக விரித்து, முட்டைகள்மேல் படாமல் கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கி நின்றது. தன் நிழலை மட்டும் கொடுத்தது. அது சின்ன நிழல்.

டிக், டிக் என்று இரண்டு முட்டைகளிலும் ஓசை கேட்டது.

சூரியன் நகரவே இல்லை என்று தோன்றியது. மணலிலிருந்து அனல் மேலே எழும்பியது. ஆட்காட்டியின் அலகு திறந்தபடி இருந்தது. சிறிது நேரம் கழித்து ஒரு முட்டையில் மட்டும் ஓசை கேட்டது. அதையும் கூர்ந்து கேட்க வேண்டியிருந்தது. பிறகு, கூர்ந்து கேட்டபோதும் ஒன்றும் கேட்கவில்லை.

அது சிறகை மடக்கவில்லை.

மாலையானதும் செய்தி பரவியது. அந்தக் காட்டில் செய்தியும் அந்தச் சொல்லைப்போலவே வேகமாகப் பரவும். மான் வந்தது. மந்தி இறங்கி வந்தது. தலையைச் சாய்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரும் ஒருமுறை, "சாரி அக்கா" என்றார்கள். சொன்னதும் கலைந்தார்கள். மைனாகூட வந்தது. உச்சரிப்பு மற்றவர்களைவிட அதற்கு நன்றாக இருந்தது.

அணில் மட்டும் ஒன்றும் சொல்லாமல், இரண்டு காய்ந்த இலைகளைக் கொண்டுவந்து முட்டைகளின்மேல் போட்டுவிட்டுப் போனது.

கடைசியாகப் பன்றி வந்தது. அதன் மூக்கில் கிழங்கின் மண் ஒட்டியிருந்தது. வழியில் எல்லாவற்றையும் கேள்விப்பட்டிருந்தது. குழியைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது.

"சாரி" என்றது.

ஆட்காட்டி நிமிர்ந்து பார்த்தது. அதன் குரலில் கோபம் இல்லை. "காலையில் நீங்கள் இதைச் சொன்னீர்கள். கிழங்கு தின்னப் போவதற்காகச் சொன்னீர்கள். மான் முடியாது என்பதற்காகச் சொன்னது. மந்தி தூங்குவதற்காகச் சொன்னது. கீரி என் பிள்ளையைக் கவ்வுவதற்குமுன் சொன்னது. இப்போது நீங்கள் சொல்வது இதில் எது அண்ணே?"

பன்றி வாயைத் திறந்தது. இம்முறை அது உண்மையாகவே வருந்தியது. ஆனால் அதைச் சொல்ல அதனிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லோ பகல் முழுவதும் பலர் வாயில் மிதிபட்டுத் தேய்ந்துபோயிருந்தது.

அது குழியின் பக்கத்தில் வந்து நின்றது. நான்கு கால்களையும் ஊன்றி, அசையாமல் நின்றது.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பன்றியின் நிழல் நீண்டு, குழியைவிட்டு விலகி, யாரும் இல்லாத மணலில் போய் விழுந்தது.

"இனி வெயில் இல்லை அண்ணே" என்றது ஆட்காட்டி.

பன்றி நகரவில்லை. "போதும், போ" என்று ஆட்காட்டி சொல்லும் என்று காத்திருந்தது. ஆட்காட்டி அதைச் சொல்லாமலே எழுந்து, ஆற்றைக் கடந்து, பறந்துபோயிற்று.

நீதி: செய்த பிழைக்கு வேண்டிய பொழுதில் உடன் நிற்க வேண்டும், பொழுது போனபின் வரும் வருத்தம் யாருக்கும் நிழலாகாது.