இடியப்போகும் மாடி

வீட்டுக்காரர் "காலி செய்" என்றால் குடித்தனக்காரர்தான் சாமான் தூக்க வேண்டும் என்று உலகம் நம்புகிறது. ஆராய்ந்து பார்த்ததில் இது பிழை.

கூடுதல் வாடகைக்கு வேறு ஆள் கிடைத்ததும், கீழே வசித்த வீட்டுக்காரர் ஆளவந்தார், மாடியில் குடியிருந்த தையற்காரி ரெஜினாவை அழைத்தார். ஒப்பந்தம் முடிய இன்னும் காலமிருந்தது.

"மாடி இடியற நிலையில இருக்கும்மா. உடனே காலி பண்ணு."

"ஐயையோ சார், இடிஞ்சா உங்க தலையிலதானே விழும்!" என்று அலறிய ரெஜினா தெருவையே கூட்டினாள். "ஓடியாங்க! முதல்ல சாரைக் காப்பாத்துங்க!"

ஆளவந்தாரின் கட்டில், பீரோ, சோபா எல்லாம் தெருவுக்கு வந்தன. கடைசியில் அவரையே நாற்காலியோடு தூக்கினார்கள்.

"இறக்குங்கடா! நான் பார்த்துப் பார்த்துக் கட்டின மாடி, நூறு வருஷத்துக்கு அசையாது!" என்று கத்தினார்.

"அப்ப நான் இருக்கலாமா சார்?" என்றாள் ரெஜினா, தெருவே கேட்க.

"இரு தாயே, இரு!"

சோபா மட்டும் எப்படிச் சாய்த்தும் திரும்ப வாசலுக்குள் நுழையவில்லை.