பெயர் தெரியாத கொடி

பச்சைமலை அடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் சீடருக்கு வயது அறுபத்திரண்டு, குருவுக்கு நாற்பத்து நான்கு. இதில் சீடர் தில்லைநாயகத்துக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய குறையெல்லாம் எலுமிச்சை மரத்தில் ஏறிக்கொண்டிருந்த கொடியைப் பற்றித்தான்.

எலுமிச்சை அவர் வைத்தது. மடத்துக்கு வந்த வருஷம் நட்டு, பதினோரு கோடையும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரம். ஆவணி மழைக்குப் பிறகு எங்கிருந்தோ இந்தக் கொடி வந்தது. இலை வெற்றிலை மாதிரி, ஆனால் வெற்றிலை இல்லை. இன்றைக்கு ஒரு கிளையில் இருந்தால் மறுநாள் அடுத்த கிளையில் சாவகாசமாகக் கை போட்டிருக்கும்.

பிடுங்கி எறிய எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் தோட்டத்து வாசலில் ஒரு தகரப் பலகை நின்றது. 'பெயர் அறியாத செடியைப் பிடுங்காதே. பிடுங்கியவர் யாராயினும் அன்றே மடம் நீங்குக.'

தில்லைநாயகம் முப்பது வருஷம் சர்வே ஆபீசில் இருந்தவர். எழுதி வைத்ததை மீறிப் பழக்கம் இல்லை. மீறினால் போக இடமும் இல்லை. மனைவி காலமாகிவிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. மடத்தை விட்டால் பஸ் ஸ்டாண்டுதான்.

குரு வடிவாம்பிகை அம்மையாரிடம் போய் நின்றார்.

"அம்மா, எலுமிச்சையில ஒரு கொடி ஏறுது."

"பேர் என்ன, ஐயா?"

"தெரியலயேம்மா."

"விசாரிச்சுப் பாருங்க." அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தில்லைநாயகம் விசாரித்தார். ஆடு மேய்க்கும் செவந்தியை வேலியோரம் நிறுத்திக் கேட்டார். அவள் ஒரு இலையைக் கிள்ளித் தன் ஆட்டிடம் நீட்டினாள். ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டது.

"பேரு என்னவா இருந்தா என்ன சாமி? ஆடே திங்கல. பிடுங்கிக் கடாசுங்க."

"பேர் தெரியணும்மா."

"ஆட்டுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

புரட்டாசியில் விவசாய ஆபீசிலிருந்து ஒரு தம்பியைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தார். அவன் செல்போனில் படம் பிடித்தான். போன் முதலில் சீந்தில் என்றது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்ததும் மிளகு என்றது.

"வெளிநாட்டுக் கொடி மாதிரி இருக்குங்க. பரவிடுச்சுன்னா ஒண்ணையும் வாழ விடாது. ஆனா சந்தேகம்தான். பூ வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

ஐப்பசியில் பூ வந்தது. கொத்துக் கொத்தாக, வெள்ளையாக. தில்லைநாயகம் ஒரு கொத்தைப் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"காய் வந்தா இன்னும் நல்லாத் தெரியும்ங்க."

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினார். வீட்டுக்குள் புகுந்த திருடனை, பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டுதான் பிடிக்க வேண்டுமா? வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தார்.

எலுமிச்சையின் கிழக்குப் பக்கம் வெளிச்சமே படாமல் மஞ்சளடித்துப் போயிருந்தது. அன்று சாயங்காலம் மறுபடி அம்மையாரிடம் போனார்.

"அம்மா, நானே ஒரு பேர் வெச்சிடுறேன். சனியன்னு வெச்சுக்கலாம்."

"கூப்பிட்டா திரும்பிப் பார்க்குதா?"

"விளையாடாதீங்கம்மா! மரம் செத்துக்கிட்டிருக்கு."

அம்மையார் தரையைப் பார்த்தார். "பேர் தெரியணும், ஐயா" என்று மட்டும் சொன்னார். இந்தச் சுருக்கமான பேச்சுக்குள் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று பதினோரு வருஷமாக நம்பி வந்தவர் தில்லைநாயகம். அன்றைக்கு முதல் தடவையாக, ஒரு மண்ணும் இல்லையோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மீதே எரிச்சல் பட்டுக்கொண்டு தூங்கப் போனார்.

மார்கழி பிறந்த நாலாம் நாள் காலையில் தோட்டத்துக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். காய்கள் வெடிக்கத் தொடங்கியிருந்தன. பஞ்சு மாதிரி ஒன்று கிளம்பி, வேலியைத் தாண்டி, செவந்தியின் ஆடுகள் மேயும் சரிவைப் பார்த்துப் போனது. பின்னாலேயே இன்னொன்று.

தில்லைநாயகம் நேரே அறைக்குப் போனார். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, மனைவியின் படம். மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு மண்வெட்டியோடு வந்தார்.

விதை பறக்காமல் இருக்க முதலில் நனைந்த சாக்கைக் காய்களின்மேல் போர்த்தினார். கொத்துகளை அறுத்துச் சாக்குக்குள் அமுக்கினார். பிறகு தண்டை இழுத்தால், படுபாவிக் கொடி தரையில் பட்ட கணுவெல்லாம் வேர் விட்டிருந்தது. ஒவ்வொரு கணுவாகத் தோண்டினார். மொத்தத்தையும் குழியில் போட்டுக் கொளுத்தி முடித்தபோது உச்சிவெயில். எலுமிச்சை ஒரு பக்கம் மொட்டையாக நின்றது. ஆனால் உயிர் இருந்தது.

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மையார் முன்னால் வந்து நின்றார்.

"பிடுங்கிட்டேம்மா."

"பேர் தெரிஞ்சுதா?"

"தெரியல. அதான் கிளம்பிட்டேன்."

"யார் உங்களைப் போகச் சொன்னது?"

"பலகை சொல்லுது."

"அந்தப் பலகையை யார் வெச்சதுன்னு தெரியுமா, ஐயா?"

"உங்க குருநாதர்."

"அவர்கிட்ட நானும் கேட்டேன். அவர் வந்தப்பவே அது அங்க நின்னுச்சாம். அவருக்கு முன்னாடி இருந்தவருக்கும் தெரியாதாம். யார் வெச்சாங்க, எதுக்கு வெச்சாங்க, ஒருத்தருக்கும் தெரியாது."

தில்லைநாயகத்துக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. நாலு மாசம்! ஆட்டிடமும் போனிடமும் ஆபீசிலுமாக நாலு மாசம்!

"தெரிஞ்சிருந்தும் சும்மா பார்த்துக்கிட்டு இருந்தீங்களா? என்னை விடுங்க, நீங்க குரு! நீங்களாவது ஒரு நாள் அந்தக் கொடியைப் பிடுங்கிப் போட்டிருக்கலாமேம்மா!"

அம்மையார் எழுந்து வந்து, அவர் தோளிலிருந்த மூட்டையை வாங்கிக் கீழே வைத்தார்.

"எனக்கும் போறதுக்கு வேற இடம் கிடையாதே, ஐயா."