குட்டி ரோஜாவுக்குக் காது எங்கே?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எனக்குச் சொன்னவரே சொல்லவில்லை. அவருடைய ஒரே மகள் இன்பவல்லி எட்டு வயதில், ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் இறந்துபோனாள். இதைச் சொல்லிவிட்டு விகடக் கதை என்று ஆரம்பிப்பது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, கதை அப்படி.

அன்றிலிருந்து அரண்மனையில் சிரிப்புச் சத்தம் கிடையாது. விகடகவி மாசிலான் சபைக்கு வருவான், தூணோரமாக உட்கார்ந்திருப்பான், எழுந்து போவான். அவன் தோளில் ஏறி யானை ஓட்டிய குழந்தை அது. அவன் வாயில் என்ன விகடம் வரும்?

அந்தப்புரத்துக்குப் பின்னால் இன்பவல்லிக்கென்று ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. ராஜா ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. சித்திரையில் ஒருநாள் காலையில் ஏதோ தோன்றிப் போனார். மூலையில் ஒரு ரோஜாச் செடி நின்றது. மொத்தமே ஒரு சாண் உயரம்தான். பூ ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. ஆனால் முள், இதழ், மணம் எல்லாம் பெரிய ரோஜாவுக்கு உள்ளதுபோலவே இருந்தன. கீழ்க்கிளை ஒன்றில் யாரோ சிவப்பு நூல் கட்டியிருந்தார்கள்.

"இது என்ன ரோஜா?" என்று கேட்டார் ராஜா.

தோட்டக்காரன் சடையாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"என் மகளின் தோட்டத்தில் எனக்குப் பெயர் தெரியாத பூவா?"

துக்கத்தில் இருப்பவர்களுக்கு எந்த விஷயம் பெரிதாகப் படும் என்று யாரால் சொல்ல முடியும்? ராஜாவுக்கு அந்தப் பெயர் தெரிந்தே ஆக வேண்டும். பூக்களைப் பற்றித் தெரிந்தவர்களை எல்லாம் வரவழைத்தார்கள். ஒருவர் காட்டு ரோஜா என்றார். இன்னொருவர், பன்னீர் ரோஜாதான், தண்ணீர் போதாமல் குறுகிவிட்டது என்றார். மூன்றாமவர் இதழை எண்ணினார், இலையை எண்ணினார், எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து எண்ணினார், சாப்பாட்டு வேளை வந்ததும் எழுந்து போய்விட்டார்.

அப்போதுதான் அரண்மனை வைத்தியர் அகோரமூர்த்தி வாயைத் திறந்தார். குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போனவர். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. எப்போது சொல்வார்களோ என்று அவருக்குத்தான் பயம். ராஜா தன் பேச்சைவிட மாசிலான் பேச்சைக் கேட்கிறார் என்ற பழைய வயிற்றெரிச்சல் வேறு.

"மகாராஜா, எந்தச் சுவடியிலும் இல்லாத பூ இது. கிளையில் சிவப்பு நூல் கட்டியிருப்பதைக் கவனித்தீர்களா? இது செய்வினை. இளவரசியின் காய்ச்சல் என் மருந்துக்கு அடங்காததற்கு இதுவே காரணம் என்று அஞ்சுகிறேன். செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். தெரிந்தும் மறைப்பவனை, அவன் யாராக இருந்தாலும், நாடு கடத்த வேண்டும். விசாரிக்கும் பொறுப்பை மாசிலானிடமே கொடுங்கள். ஆறு மாதமாகச் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்?"

ராஜா யோசிக்கவில்லை. "மாசிலான், இந்த அரண்மனையில் ஒருவர் விடாமல் விசாரி. ஏழு நாள் தருகிறேன். பெயர் தெரியாவிட்டால் எட்டாம் நாள் செடி எரியும். தோட்டக்காரனும் நீயும் எல்லையைத் தாண்டுவீர்கள்."

மாசிலான் நேராகத் தோட்டத்துக்குப் போனான்.

"சடையா, உனக்குத் தெரியும். சொல்."

"தெரியும் சாமி. நம்ம இளவரசி சின்னம்மா போட்டதுதான். பெரிய ரோஜாவுல காய் பழுத்திருந்துச்சு. அதைப் பிச்சு விதையெடுத்து, கொட்டாங்கச்சியில மண்ணு போட்டு ஊனி வச்சாங்க. கிளையை வெட்டி நட்டா தாய்ச்செடி மாதிரியே வரும். விதை அப்படியில்லீங்க, எப்படி வேணும்னாலும் வரும். இது இப்படி வந்துச்சு. இன்னொண்ணு இதே மாதிரி உலகத்துல எங்கயும் இருக்காது. அப்புறம் பேர் எங்கேருந்து வரும்?"

"இதைச் சபையில் சொல்வதற்கென்ன?"

சடையாண்டி அழுதுவிட்டான். "மொதப் பூ விட்டதும் பேர் வைக்கச் சொல்லி கொட்டாங்கச்சியோட ராஜாகிட்ட ஓடுனாங்க சாமி. அவரு உள்ளறையில தூதுவரோட பேசிக்கிட்டிருந்தாரு. பிறகு பார்க்கலாம்னு அனுப்பிட்டாரு. திரும்பி வந்து செடியை இங்க மண்ணுல நட்டாங்க. நாலாம் நாள் காய்ச்சல் வந்துருச்சு. புள்ளையைப் பறிகொடுத்தவருகிட்ட இதை எந்த வாயால சொல்லுவேன்?"

"அந்தச் சிவப்பு நூல்?"

"அவங்க கட்டுனதுதான். அப்பா வர்ற வரைக்கும் அவுக்கக் கூடாதுன்னாங்க. எதுக்குன்னு சொல்லலை."

மாசிலான் யோசித்தான். அடுத்தவர் சொன்னால் அது குற்றச்சாட்டு. ராஜா தாமாகவே நினைத்துப் பார்த்தால்தான் அவரால் தாங்க முடியும். போகும்போது அந்தக் கொட்டாங்கச்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஏழு நாளும் அவன் ஓயவில்லை. சமையற்காரர், பாகன், வண்ணார், காவற்காரர் என்று எல்லோரிடமும் அதே மூன்று கேள்விகள். செடியை முதலில் எப்போது பார்த்தீர்கள்? யார் காட்டினார்கள்? என்ன சொன்னார்கள்? "யானையை விட்டுவிட்டீரே!" என்று வைத்தியர் கேலி செய்தார். "ஒருவர் விடாமல் என்பதுதான் ஆணை. யானை பத்து பேர் சாப்பாடு சாப்பிடுகிறதே, அதை எப்படி ஒருவர் என்பது?" என்றான் மாசிலான். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பில்லை.

எட்டாம் நாள் சபை கூடியது.

"மகாராஜா, எல்லோரையும் விசாரித்துவிட்டேன். ஒரே ஒருவர் பாக்கி. அவரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை."

வைத்தியர் துள்ளி எழுந்தார். "யாராயிருந்தால் என்ன? சபையில் வைத்தே கேளும்!"

"மகாராஜாவின் ஆணையும் அதுதானா?"

"அதுவேதான்," என்றார் ராஜா.

மாசிலான் சிம்மாசனத்தின் முன்னால் போய்க் கைகூப்பி நின்றான். "மகாராஜா, இந்தச் செடியைத் தாங்கள் முதலில் எப்போது பார்த்தீர்கள்?"

ராஜாவின் முகம் சிவந்தது. "என்னிடமே விளையாடுகிறாயா?"

"நான் விளையாட்டை மறந்து ஆறு மாதம் ஆகிறது, மகாராஜா. அரண்மனையில் தாங்களும் ஒருவர். தங்களை விட்டுவிட்டால் தங்கள் ஆணையை மீறியவன் ஆவேன்."

"இந்தச் சித்திரையில்தான். தோட்டத்தில்."

மாசிலான் மடியிலிருந்த கொட்டாங்கச்சியை எடுத்துப் படியில் வைத்தான். "யார் காட்டினார்கள்?"

ராஜா அதையே பார்த்தார். பிறகு இறங்கி வந்து அதைக் கையில் எடுத்தார். உள்ளே காய்ந்த மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்பவல்லி," என்றார். "தூதுவர் வந்திருந்த அன்று. இதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையெல்லாம் மண்."

"என்ன சொன்னார்கள், மகாராஜா?" என்று கேட்டான் மாசிலான்.

"'குழந்தைக்குப் பேர் வைக்கும்போது அப்பாதானே காதுல மூணு தடவை சொல்லணும்? இதுக்கும் நீங்க சொல்லுங்க அப்பா' என்றாள். நான் பிறகு பார்க்கலாம் என்றேன். 'சரி, அதுக்குள்ள செடிக்குக் காது எங்கே இருக்குன்னு நான் கண்டுபிடிச்சு வைக்கிறேன்' என்று ஓடினாள்."

சொல்லி முடித்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "அந்தச் சிவப்பு நூல்!"

ராஜா தோட்டத்துக்கு ஓடினார். சபையே பின்னால் ஓடியது. செடியருகில் மண்டியிட்டுப் பார்த்தார். தரையோடு தரையாக இருந்த ஒரு கிளையில், சுருண்ட சின்ன இலை ஒன்றுக்குப் பக்கத்தில் நூல் இரட்டை முடிச்சாகக் கட்டியிருந்தது.

"இவ்வளவு கீழேயா வைத்தாள் காதை? நான் படுத்தால்தானே எட்டும்!"

"எந்த எதிரியாலும் தங்களைத் தரையில் படுக்கவைக்க முடியவில்லை, மகாராஜா. குட்டியம்மா ஒரு முழ நூலில் முடித்துவிட்டார்கள்," என்றான் மாசிலான்.

ராஜா சிரித்தார். ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு. பாதியிலேயே அது அழுகையாக மாறியது. மாறட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"வைத்தியரே, தெரிந்தும் மறைத்தவனை நாடு கடத்தச் சொன்னீர். தெரிந்திருந்தும் மறந்தவன் நான். எப்போது கிளம்பட்டும்?" என்று கேட்டார் ராஜா.

வைத்தியர் கைகூப்பினார். ராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மாசிலானுக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"வைத்தியரை ஒன்றும் செய்யாதீர்கள். அந்தக் காய்ச்சல் நாட்களில் அவரும் கண் மூடவில்லை. நான் பார்த்தேன்."

அகோரமூர்த்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ராஜா அவர் தோளைத் தொட்டுவிட்டுக் கிரீடத்தைக் கழற்றிச் சடையாண்டியின் கையில் கொடுத்தார். பட்டு அங்கவஸ்திரம் மண்ணில் புரள, குப்புறப் படுத்தார். சுருண்ட இலைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், கையால் மறைத்துக்கொண்டு, பெயரைச் சொன்னார்.

என்ன பெயர் என்று யாருக்கும் கேட்கவில்லை. மூன்று தடவை சொன்னால் போதும். ராஜா நிறுத்தவே இல்லை.