ஏறுமீன்களுக்குக் காவல்

மேகங்கள் தரைவரை இறங்கி, சற்றுக் கண்ணயர்ந்துவிட்டுப் போகிற ஒரு காட்டில், கடலைத் தேடி ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை, முதல் வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளியும் நாட்களில், கடலிலிருந்து ஏறுமீன்கள் வரும். ஓட்டத்தை எதிர்த்து ஏறி ஏறி வருவதால் அவற்றுக்கு அந்தப் பெயர். காட்டின் நடுவே இருந்த கூழாங்கல் படுகையில்தான் அவை பிறந்தன. முட்டையிடவும் அங்கேதான் திரும்பி வரும். அவை வரும் காலையில் பார்த்தால், வெயில் துண்டு துண்டாக உடைந்து எதிர்நீச்சல் போடுவதுபோல் இருக்கும்.

ஆனால், மூன்று ஆண்டுகளாக ஒரு மீனும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கால் நனையாமல் அக்கரை போகவேண்டும் என்று விலங்குகள் சேர்ந்து ஆற்றின் குறுக்கே பாறைகளை அடுக்கியிருந்தன. பாறைகளை உருட்டியது யானை. இடுக்குகளில் மண்ணை அடைத்தது காட்டுப்பன்றி. மீன்கள் வந்தன, முட்டின, துள்ளின, விழுந்தன. பாறைக்கு அடியில் மருதன் என்ற நீர்நாய் காத்திருந்தது. வாயைத் திறந்து வைத்தால் போதும். மீன் தானாக வந்து விழுந்தது.

'மேலே போகவேண்டிய மீன் இங்கே ஏன் விழுகிறது?' என்று அப்போதே மருதனுக்குத் தோன்றத்தான் செய்தது. சாப்பிட்ட பிறகு யோசிக்கலாம் என்று தள்ளிப்போட்டது. இப்போது மீன் இல்லை. கேள்வி மட்டும் இருந்தது.

ஒருநாள் காடு கூடிப் பேசியது. ஆற்றைப் பழையபடி ஆக்குவது என்று முடிவாயிற்று.

கோடை முழுவதும் வேலை நடந்தது. யானை, தான் உருட்டிய பாறைகளைத் தானே கரையேற்றியது. பன்றி, படுகையில் படிந்த சேற்றை முகத்தால் உழுது தள்ளியது. குரங்குகள் கரையெங்கும் நாவல் கன்றுகளை நட்டன. வேர் பிடித்ததா என்று பாதிக் கன்றுகளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் நட்டன. மருதன் மூழ்கி மூழ்கி, கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கழுவியது.

"அடேயப்பா! மீன் தின்ற வாய் கல் கழுவுகிறது, பார்!" என்றது நரி. எதையும் சந்தேகப்படாவிட்டால் நரிக்குத் தூக்கம் வராது.

"கழுவட்டுமே மாமா, உனக்கு என்ன?" என்றது பன்றி.

"எதற்குக் கழுவுகிறான்? பந்தியில் உட்கார்ந்தவன் சோறு வருவதற்குள் இலையைத் துடைக்கத்தானே செய்வான்!"

எல்லோரும் சிரித்தார்கள். மருதனும் சிரித்தது. தண்ணீருக்குள் போன பிறகு, 'நரி சொல்வது பொய்தானா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டது.

முதல் வெள்ளம் வந்து வடிந்தது. விலங்குகள் வரிசையாக ஆற்று நீரைத் தொட்டு, "இந்த ஆண்டு மீனையும் தொடமாட்டோம், முட்டையையும் தொடமாட்டோம்" என்று சத்தியம் செய்தன.

ஒரு விடியலில் மூடுபனிக்குள் ஏதோ மின்னியது. கரையில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஒன்று, இரண்டு, பதினொன்று. பதினொரு மீன்கள்தான். பாறைகள் இருந்த இடத்தில் அவை ஒரு கணம் தயங்கின. பிறகு, கதவு திறந்திருப்பதை நம்ப முடியாதவர்கள்போல மெல்ல உள்ளே வந்தன. கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டுவிட்டு, காய்ந்த இலைகள்போல் மெலிந்து, ஓட்டத்தோடு கடலுக்குப் போய்விட்டன.

யானை கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அழுதது போதும் அக்கா," என்றது நரி. "முட்டை பொரிய முப்பது நாள் ஆகும். காவல் வேண்டும். கரையில் நின்றால் கல்லுக்கு அடியில் நடப்பது எப்படித் தெரியும்? தண்ணீரில் இறங்கி நின்றுதான் காக்கவேண்டும்."

அன்றே முறை போட்டார்கள். காலையில் யானை, நண்பகலில் பன்றி, மாலையில் எருமைகள். முறை இல்லாதவர்களும் ஆசை தாங்காமல் இறங்கி நின்றார்கள். தூங்கிவிடக் கூடாது என்று காலை மாற்றி மாற்றி ஊன்றினார்கள்.

ஐந்தாம் நாள் மருதன் மூழ்கிப் பார்த்தது. தண்ணீர் கேழ்வரகுக் கூழ்போல் இருந்தது. தான் கழுவிய கற்களின்மேல் சேறு போர்த்திக் கிடந்தது. ஓரத்து முட்டைகள் வெளுத்துச் செத்திருந்தன. யானையின் காலடிப் பள்ளத்தில் எதுவுமே இல்லை. நடுவில் கொஞ்சம் முட்டைகள் மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தன. ஒவ்வொன்றுக்கு உள்ளேயும் ஒரு கறுப்புப் புள்ளி. கண். ஒரு கண் அசைந்தது.

மருதன் மேலே பாய்ந்து வந்தது. "எல்லோரும் கரையேறுங்கள்! நம் கால்கள்தான் சேற்றைக் கிளப்புகின்றன. முட்டைக்கு மூச்சு முட்டுகிறது. பாதி செத்துவிட்டது!"

யானை திடுக்கிட்டுக் காலைத் தூக்கப் போனது.

"நில் அக்கா!" என்று நரி கத்தியது. "காவலைக் கலைக்கச் சொல்வது யார் என்று பார். பாதி போய்விட்டதாம்! எங்கே போயிற்று, இவன் வயிற்றுக்கா?"

"சத்தியமாக நான் தொடவில்லை."

"எந்த வாயால் சத்தியம் செய்கிறாய்? பாறைக்கு அடியில் திறந்து வைத்திருந்தாயே, அதே வாயாலா?"

யானை தன் காலை முன்னைவிட ஆழமாக ஊன்றிக்கொண்டது. சேறு மறுபடி பூத்தது.

அன்று நண்பகல் மருதன் ஒரு மரத்தடியில் சுருண்டு கிடந்தது. தும்பிகள் பறந்துகொண்டிருந்தன. கண் மூடியதும் கனவு வந்தது. பாறைக்கு அடியில் அது வாயைத் திறந்து காத்திருக்கிறது. மேலிருந்து மீன்கள் விழவில்லை. சின்னச் சின்னக் கறுப்புக் கண்கள் மழைபோல் விழுகின்றன. விழுங்கிக்கொண்டே இருக்கிறது.

விழித்தபோது அதன் வாயில் எச்சில் ஊறியிருந்தது.

'நான் முட்டைகளைக் காப்பாற்ற நினைக்கிறேனா? நல்லவன் என்று பெயர் எடுக்க நினைக்கிறேனா?' வெகுநேரம் யோசித்தது. விடை தெரியவில்லை. விடை தெரியும்வரை முட்டைகள் உயிரோடு இருக்காது என்பது மட்டும் தெரிந்தது.

நேராக எல்லோர் முன்னாலும் போய் நின்றது.

"நரி மாமா சொன்னதுதான் சரி. எனக்கு ஆசை விடவில்லை. இன்று கனவில்கூடத் தின்றேன்."

"கேட்டீர்களா! கேட்டீர்களா!" என்று நரி துள்ளியது.

"நீங்கள் மேலே நிற்கிறீர்கள். நான் அடியில் வருவேன். கலங்கிய தண்ணீரில் என் வால்கூட உங்கள் கண்ணில் படாது. முட்டையைக் காப்பதைவிட என்னைக் காப்பது சுலபம். ஆற்றை விட்டுத் தூரமாக, மலைமேல் மொட்டைப் பாறைக்கு என்னைக் கொண்டுபோய்விடுங்கள்."

"சரி, யாராவது ஒருவர் கூடப் போங்கள்," என்றது பன்றி.

"ஒருவரா? நன்றாகச் சொன்னாய்!" நரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இவன் வழுக்குகிற பயல். நாலு பக்கமும் ஆள் வேண்டும். அந்த நாலு பேரும் தூங்காமல் பார்த்துக்கொள்ள இன்னும் நாலு பேர் வேண்டும். மூழ்கி முட்டை எடுக்கத் தெரிந்தவன் இந்தக் காட்டிலேயே இவன் ஒருவன்தான். ஆற்றில் நின்று என்ன செய்யப் போகிறீர்கள்? எல்லோரும் மலைக்கு வாருங்கள்!"

மருதன் தலையைக் குனிந்துகொண்டது.

இருபத்தைந்து நாட்கள் அது மொட்டைப் பாறையில் கிடந்தது. சுற்றிலும் காடே உட்கார்ந்திருந்தது. தண்ணீர் படாமல் அதன் தோல் வெடித்தது. பாவம் என்று நினைத்த யானை, தனக்கு இதமாக இருப்பது அதற்கும் இதமாக இருக்கும் என்று மண்ணை வாரி அதன்மேல் தூவியது. பன்றி கிழங்கு தோண்டிக் கொடுத்தது. மருதன் கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

பாறையிலிருந்து பார்த்தால் ஆறு ஒரு நூல்போல் தெரியும். முதல் வாரம் அது பழுப்பு நூலாக இருந்தது. பிறகு தேன் நிறமாயிற்று. பிறகு ஒருநாள் காலையில் நிறமே இல்லாமல், வானத்தின் ஒரு துண்டு மரங்களுக்கு நடுவே நழுவிப் போவதுபோல் இருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லோருடைய கண்ணும் மருதன்மேல்தான்.

முப்பதாம் நாள் எல்லோரும் மலையிறங்கினார்கள். சாமி புறப்பாடுபோல நடுவில் மருதன், சுற்றிலும் காவல்.

படுகையில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு தெளிவு. கூழாங்கற்களுக்குமேல் ஊசி ஊசியாக, நூற்றுக்கணக்கான குஞ்சுகள், ஒரே திசையில் தலைவைத்து நடுங்கிக்கொண்டிருந்தன.

"பார்த்தீர்களா, திருடனைப் பிடித்து வைத்ததன் பலனை!" என்றது நரி.

"உன்னை விட்டால் காவலுக்கு வேறு ஆள் ஏது, மாமா!" என்று பன்றி அதைக் கட்டிக்கொண்டது. குரங்குகள் கூச்சலிட்டன.

மருதன் மெல்ல வழுக்கி ஆற்றுக்குள் போனது. வெடித்த தோலில் தண்ணீர் பட்டதும் எரிந்தது, பிறகு குளிர்ந்தது. குஞ்சுகள் அதன் மீசைகளுக்கு நடுவே புகுந்து போயின. எச்சில் ஊறத்தான் செய்தது. மருதன் வாயை மூடியபடியே மிதந்தது.

யானைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. முன்காலைத் தண்ணீரில் வைத்தது. புகைபோல் சேறு கிளம்பியது. அந்த இடத்தில் இருந்த குஞ்சுகள் பழுப்புக்குள் மறைந்து போயின.

யானை அப்படியே நின்றது. தன் காலைப் பார்த்தது. எலும்பும் தோலுமாக மிதந்துகொண்டிருந்த மருதனைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு, ஓசைப்படாமல் காலை எடுத்துக் கரையில் வைத்து, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி, மரங்களுக்குக் கீழே போய் நின்றது.

"என்ன அக்கா, காவலுக்கு இறங்கவில்லையா?" என்றது நரி.

"இல்லை," என்றது யானை. "நீயும் இப்படி வந்து நில்."

நீதி: ஒன்றைக் காக்க நினைப்பவர், தம் கால் எதன்மேல் நிற்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.